கேட்டவர் ஓரிடம், எழுதியவர் ஓரிடம்: தமிழகச் சுயாதீன ராக் இசையின் பகிர்வும் திறனாய்வும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படத்தைச் சாராது இயங்கும் ராக் இசைக் குழுக்கள் சென்னையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உள்ளன. எனினும் தமிழ் இசை வரலாற்றெழுத்தில் அவை பெரிதும் இடம்பெறவில்லை. அக்குழுக்கள் ஆங்கிலத்தில் பாடியமையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கட்டுரை அக்காரணத்தை முழுமையானதாக ஏற்கவில்லை. ஓர் இசை கைமாறிப் பரவுவதும், அதைப் பற்றி எழுதப்படுவதும் தமிழகத்தில் இருவேறு இடங்களில், இருவேறு மொழிகளில் நிகழ்ந்தன. இப்பிளவே அவ்விசையை வரலாறற்றதாக்கியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பை நோக்கு நிலையாகக் கொண்டு, 1967 முதல் 2022 வரையிலான காலம் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுயாதீன இசை, ராக், ஒலிநாடா, ஆல்பம் பாட்டு, இசைத் திறனாய்வு, ஆவணப்படுத்தல்.

முன்னுரை

தமிழில் இசை வரலாறு எழுதுவோர் பண், கீர்த்தனை, நாட்டார் பாடல், திரையிசை என்னும் பெரும்பிரிவுகளுக்குள் தம் தரவுகளை அடக்கிக்கொள்வது வழக்கம். இவற்றுள் எதிலும் முழுமையாகப் பொருந்தாத ஒன்று சென்னையில் நெடுநாளாக இருந்து வருகிறது. மின்கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகியவற்றோடு நான்கைந்து இளைஞர் கூடி, எந்தத் தயாரிப்பாளரும் கேளாமலேயே பாடல் அமைத்து மேடையேற்றும் ராக் இசையே அது. இதனைச் 'சுயாதீன இசை' என்று இன்று வழங்குகிறோம். இச்சொல்லின் பொருள் கடல் கடந்து வரும்போது சற்று மாறிவிட்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும் இசைத்தட்டு நிறுவனங்களின் பிடிக்கு வெளியே நிற்பதையே அது குறித்தது. தமிழகத்திலோ இசையின் பெருநிறுவனம் திரைப்படமே. ஆகவே இங்குச் சுயாதீனம் என்பது திரைப்படத்திற்கு வெளியே நிற்றல் என்றாயிற்று. திரைப்படத்திற்கு வெளியே நிற்கும் ஒன்று தமிழகத்தின் சிற்றூர்களை எவ்வழியே சென்றடையும்? சென்றடைந்ததை யார் எழுதி வைப்பர்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஓர் இசைக்களத்தை அதன் நடுவில் நின்று காண்பது ஒரு முறை. விளிம்பில் நின்று காண்பது மற்றொரு முறை. இங்குப் பின்னது மேற்கொள்ளப்படுகிறது. சேத்தியாத்தோப்பு வெள்ளாற்று அணைக்கட்டும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உடைய ஊர். சிதம்பரத்துப் பல்கலைக்கழகம், நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்கள் ஆகியவற்றுக்குச் செல்லும் சாலைகள் இதனருகே பிரிகின்றன. ராக் இசையோடு இவ்வூரை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. சேர்த்துப் பேச இயலாமற் போனது எப்படி என்பதையே நாம் காணவேண்டும்.

இதழும் போட்டியும்

இந்திய நகரங்களில் ராக் இசை ஒரு 'களமாக' உருப்பெற்றதற்கு மேடைகள் மட்டும் காரணமல்ல. 1967இல் கல்கத்தாவிலிருந்து டெஸ்மண்ட் டாய்க்கை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கிய ஜூனியர் ஸ்டேட்ஸ்மன் என்னும் ஆங்கில இளைஞர் இதழுக்கு அதில் பெரும்பங்குண்டு. பின்னர் ஜே.எஸ். என்றே அழைக்கப்பட்ட இவ்விதழ் 1977 வரை வெளிவந்தது. ஒரு நகரத்துக் குழுவைப் பற்றி மற்றொரு நகரத்து வாசகன் அறிந்துகொள்ள அதுவரை வழியில்லை. அவ்வழியை இவ்விதழ் அமைத்துக் கொடுத்தது. இதே காலத்தில் சிம்லா சிகரெட்டின் விளம்பரத்திற்காக நடத்தப்பட்ட சிம்லா பீட் போட்டி, நாட்டின் பல நகரங்களிலிருந்து குழுக்களைத் திரட்டியது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அப்போட்டியிலிருந்து ஒவ்வோர் இசைத்தட்டு வெளியானது. இவை பிற்காலத்தில் மேலைநாட்டுச் சேகரிப்பாளரிடம் அரும்பொருளாக மதிக்கப்பட்டு மறுபதிப்பும் கண்டன. இப்பத்தாண்டுகளின் கதையைச் சித்தார்த் பாட்டியா 2014இல் வெளியிட்ட 'இந்தியா சைக்கெடெலிக்' என்னும் ஆங்கில நூலில் விரிவாகக் காணலாம்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளம்பரச் செலவும் ஓர் ஆங்கில வார இதழின் பக்கங்களும் இல்லாதிருந்தால், அக்குழுக்கள் வாசித்தன என்பதற்கான தடயமே இன்று கிட்டியிராது. அவர்தம் இசை நன்றாக இருந்ததா இல்லையா என்பது இதற்குப் பின் எழும் வினா. முதலில் அது ஒரு தட்டில் பதிவாக வேண்டும். அடுத்து, யார் வாசித்தார், எவ்வூரார், எவ்வாண்டு என்பது அச்சில் ஏறவேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்த இடங்களில் வரலாறு எஞ்சியது. மதராஸின் தேவாலயப் பாடற்குழுக்கள், ஆங்கிலோ இந்தியர் குடியிருப்புகளின் நடனக் குழுக்கள், 1842 முதல் அண்ணா சாலையில் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் போன்ற கருவிக் கடைகள் ஆகியவை இந்நகரின் மேற்கத்திய இசைக்கு நிலைக்களனாக இருந்தன. ஆனால் அவற்றைப் பற்றிய எழுத்துச் சான்றுகளைத் தமிழில் தேடுவோர் வெறுங்கையோடு திரும்ப நேர்கிறது.

இதே காலத்து ஈழத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலானோரின் பொப்பிசைப் பாடல்கள் இலங்கை வானொலி வழியே பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்துக் கிராமங்கள் வரை ஒலித்தன. அவையும் திரைப்படப் பாடல்களல்ல. கிதாரைக் கொண்டு அமைந்தவை. வானொலி அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் பாடகரின் பெயரைச் சொன்னார். அப்பெயர்கள் இன்றும் மறக்கப்படவில்லை.

ஒலிநாடாக் கடையும் அலகாபாத் இதழும்

ஒலிநாடா வந்தபின் இசையைப் பகிர்தல் எளிதாயிற்று. இந்தியாவில் இதன் விளைவுகளைப் பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய 'கேசட் கல்ச்சர்' நூல் ஆராய்ந்தது; அது வட இந்தியாவைப் பற்றியது. தமிழகக் கிராமத்தில் ஒலிநாடாவும் ஒலிபெருக்கியும் வழிபாட்டுச் சூழலில் எவ்வாறு கையாளப்பட்டன என்பதைப் பால் கிரீன் 1999இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இவ்விரண்டிலும் இடம்பெறாத ஓர் அமைப்பு, தமிழகத்துச் சிற்றூர்தோறும் இருந்த பாடல் பதிவுக் கடை. வாடிக்கையாளர் தாம் விரும்பும் பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். 60 நிமிட நாடாவானால் பன்னிரண்டு பாடல்களுக்குக் குறையாமலும், 90 நிமிட நாடாவானால் இன்னும் கூடுதலாகவும் கடைக்காரர் பதிந்து தருவார். உறையின் மேல் படத்தின் பெயரும் பாடலின் முதலடியும் எழுதப்படும். இசைக்கலைஞரின் பெயர் பெரும்பாலும் இராது. படத்தின் பெயரே முகவரியாக இருந்த முறை அது. படமில்லாப் பாடலுக்கு அத்தாளில் எழுதவே இடமில்லை.

இந்த முகவரியின்மையை நான் முதன்மையான தரவாகக் கொள்கிறேன். சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களில் ராக் இசைக்கு இரசனை இல்லாதிருந்தது என்று சொல்வது எளிது. அது சரியான விளக்கமன்று. 1986இல் வெளியான இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' திரைப்படத்தோடு தொடர்பற்ற, பாடல் வரியே இல்லாத கருவியிசை. அது ஊர்கள்தோறும் விலைபோனது. காரணம், இளையராஜா என்னும் பெயரே அதற்கு முகவரியாயிற்று. புதுமையை ஏற்பதற்குச் செவிகள் ஆயத்தமாகவே இருந்தன.

மறுபுறம், 1986இல் பம்பாயில் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா தொடங்கியது. 1993இல் அமித் சேகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்னும் இதழைத் தொடங்கினார். இது தொடங்கிய இடம் பம்பாயோ டெல்லியோ அல்ல, அலகாபாத். இதனை அழுத்திச் சொல்லவேண்டும். பெருநகரம் இருந்தால்தான் ராக் இசைக்கு எழுத்து உருவாகும் என்ற எண்ணத்தை இவ்வொரு செய்தியே மறுக்கிறது. நாடெங்கும் உள்ள குழுக்கள் தம் சோதனைப் பதிவுகளை அஞ்சலில் அலகாபாத்திற்கு அனுப்பின. இதழ் அவற்றைத் திறனாய்ந்தது. 1997 முதல் 'கிரேட் இந்தியன் ராக்' என்னும் விழாவை நடத்தியது. அதே பெயரில் தொகுப்பு நாடாக்களையும் வெளியிட்டது. திறனாய்வு, பகிர்வு, மேடை ஆகிய மூன்றையும் ஒரே கை இணைத்த அரிய நிகழ்வு இது. சேகல் 2012இல் கோவாவில் மறைந்தபோது அவருக்கு எழுதப்பட்ட அஞ்சலிகள், ஓர் இதழாசிரியருக்கு இசைக்கலைஞர்கள் காட்டிய நன்றிக்குச் சான்றாக உள்ளன. எனினும் இதழின் மொழி ஆங்கிலம். சேத்தியாத்தோப்பின் செய்தித்தாள் கடைக்கு அது வரவேண்டிய தேவை எழவில்லை.

மேடையிலிருந்து திரைக்கு

சென்னை ராக் குழுக்களின் ஒலி சேத்தியாத்தோப்பை எட்டவேயில்லை என்று கூறுவதும் பிழை. எட்டியது, ஆனால் வேறு பெயரில் எட்டியது. ஏ. ஆர். ரகுமான் திரைக்கு வருமுன் 'ரூட்ஸ்' என்னும் குழுவில் விசைப்பலகை வாசித்தார். சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலானோர் அக்குழுவில் இருந்தனர். 'நெமிசிஸ் அவென்யூ' என்னும் ராக் குழுவும் ரகுமானின் தொடக்க காலத்தைச் சார்ந்தது. சில ஆண்டுகளில் சுரேஷ் பீட்டர்ஸின் குரல் 1993இல் 'ஜென்டில்மேன்' படத்தின் 'சிக்கு புக்கு ரயிலே' பாடலிலும், 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டராப்' பாடலிலும் ஒலித்தது. அக்காலத்துக் கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் இவ்விரு பாடல்களைக் கேளாதவர் இருந்திருக்க முடியாது. குரலைக் கேட்டோம். அக்குரல் எந்தக் களத்தில் பழகி வந்தது என்பதை நமக்கு யாரும் எழுதவில்லை.

இப்போக்கு அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது. 'லா பொங்கல்' குழுவில் இயங்கிய அந்தோணிதாசன் திரைப்பாடகராகவும், தர்புகா சிவா திரை இசையமைப்பாளராகவும் அறியப்பட்டனர். தம் பெயரிலேயே குழு அமைத்துப் பாடிவந்த ஷான் ரோல்டன் 2014இல் திரைக்கு வந்தார். இவர்களது திரைப்பணியைக் குறையாகக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கலைஞருக்கு வருவாய் வேண்டும்; அதைத் தரவல்லது திரைப்படமே. ஆயினும் வரலாற்றெழுத்தில் இதனால் ஒரு பார்வைக்கோளாறு நேர்ந்துள்ளது. சுயாதீனக் காலம் என்பது திரைவாழ்க்கைக்கான ஒத்திகை என்றே நேர்காணல்களும் அறிமுகக் குறிப்புகளும் பதிவு செய்கின்றன. திரைக்கு வராதவர்களின் இசை ஒத்திகையாகக்கூடக் கருதப்படாமல் மறைகிறது.

2005இல் தொடங்கிய 'ஜங்க்யார்ட் குரூவ்', 2006இல் தொடங்கிய 'ஸ்க்ராட்', 2012இல் தொடங்கிய 'தி எஃப்16ஸ்' ஆகியவை திரையை நோக்கிச் செல்லாமல் பல ஆண்டுகள் இயங்கிய சென்னைக் குழுக்கள். அடையாற்றில் இயங்கிய 'அன்வைண்ட் சென்டர்', இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாரங் விழா ஆகியவை இத்தலைமுறையின் மேடைகளாயின. இக்குழுக்களின் வெளியீடுகளை ஆங்கில நாளிதழ்களின் நகர இணைப்புகளும், 2008இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழும் திறனாய்ந்தன. ஆகவே அடையாற்றில் நிகழ்ந்த ஓர் இசை நிகழ்வைப் பற்றி மும்பை வாசகர் அறிந்தார். கடலூர் மாவட்ட வாசகர் அறியவில்லை.

வங்கத்தில் நிகழ்ந்த மீட்பு

ஆங்கிலத்தில் பாடியதே குறை என்போர் வங்கத்தை நோக்கவேண்டும். கௌதம் சட்டோபாத்யாய் 1970களின் நடுவில் கல்கத்தாவில் அமைத்த 'மொஹீனேர் கோராகுலி' தாய்மொழியிலேயே பாடிய குழு. அதன் பெயர் ஜீபனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பாவுல் மரபும் மேற்கத்திய ராக்கும் அதில் கலந்தன. இத்தனை இருந்தும் அக்குழு தன் காலத்தில் பெரும் வரவேற்பைப் பெறவில்லை. 1980களின் தொடக்கத்தில் கலைந்துவிட்டது. தாய்மொழியில் பாடுவது மட்டுமே போதுமானதாக இருந்திருப்பின் இவ்வாறு நேர்ந்திராது.

1995இல் நிகழ்ந்ததுதான் நம் ஆய்வுக்கு முதன்மையானது. அவ்வாண்டு கௌதம் சட்டோபாத்யாய் பழைய பாடல்களையும் இளைய குழுக்களின் புதிய பாடல்களையும் சேர்த்து ஒரு நாடாவைத் தொகுத்து வெளியிட்டார். 'சம்பாதித' என்னும் சொல் அதன் உறையில் இடம்பெற்றது. 'பதிப்பிக்கப்பட்டது' என்பது அதன் பொருள். வெளியீட்டுக்களம் கொல்கத்தா புத்தகக் கண்காட்சி. இசைநாடா ஒன்றை ஒரு சிற்றிதழ்த் தொகுப்பைப் போல் பதிப்பித்து, புத்தகம் வாங்க வருவோரிடம் கொண்டுசேர்த்தமை தற்செயலன்று. வங்கத்தில் அவ்விசைக்குரிய வாசகர் முன்பே சிற்றிதழ்களின் வாசகராக இருந்தனர். அத்தொகுப்பிலிருந்து பரவிய பாடலொன்றின் மெட்டு 2006இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்திப் படம் வரை சென்றது. இன்று வங்க ராக்கின் வரலாறு மொஹீனேர் கோராகுலியிலிருந்தே எழுதப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் தோற்ற ஒரு குழுவைப் பதிப்பாசிரியரின் வேலை மரபின் தொடக்கமாக்கிற்று.

சிற்றிதழ் மரபில் தமிழகம் வங்கத்திற்குக் குறைந்ததன்று. 'எழுத்து' முதல் இன்றுவரை அம்மரபு அறாமல் வருகிறது. இங்கு அத்தகைய பதிப்பு ஏன் நிகழவில்லை?

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

தமிழில் இசைத் திறனாய்வு இல்லை என்று கூறமுடியாது. 1930களில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, கச்சேரியைக் கேளாதவரையும் கச்சேரியைப் பற்றிப் பேசவைத்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையும் அண்ணாமலைநகரில்தான் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. மேடையில் எம்மொழியில் பாடுவது என்னும் வினா அங்குதான் இயக்கமாக உருக்கொண்டது. சென்னைச் சங்கீத வித்வத் சபையின் எதிர்ப்பும், 1943இல் தமிழிசைச் சங்கத்தின் தோற்றமும் நாமறிந்தவை. தமிழிசை இயக்கத்தின் வெற்றி தோல்விகளை மதிப்பிடுவோர் பாடலின் மொழியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வியக்கம் வேறொன்றையும் சாதித்தது: இசையைப் பற்றிய சொற்போரைத் தமிழிலேயே நிகழ்த்தியது. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் தமிழில் எழுதினர். அதனால்தான் அதன் வரலாற்றைத் தமிழ்ச் சான்றுகளைக் கொண்டு இன்று நம்மால் எழுத முடிகிறது.

ராக் இசையைப் பொறுத்தவரை இச்சொற்போர் நிகழவில்லை. மேற்கத்திய இசையைத் தமிழ் எழுத்தாளர் அறியாதவர்களல்லர். சாரு நிவேதிதாவின் 'கலகம் காதல் இசை' அரபு, இலத்தீன் அமெரிக்க இசைகளைத் தமிழ் வாசகருக்கு ஆர்வத்தோடு அறிமுகப்படுத்தியது. ஷாஜியின் 'சொல்லில் அடங்காத இசை' உலகின் பல மூலைகளிலுள்ள பாடகர்களைப் பற்றி நுட்பமாகப் பேசியது. இவை நல்ல நூல்கள். நானும் இவற்றின் வழியே பல பாடகர்களை அறிந்துகொண்டவன். ஆயினும் இவற்றின் பொதுப்போக்கில் ஒரு விந்தை உள்ளது. அல்ஜீரியாவின் ராய் இசைக்கும் ஜமைக்காவின் ரெகேவுக்கும் தமிழில் கட்டுரை உண்டு. அடையாற்றின் ராக்கிற்குக் கட்டுரை அரிது. தொலைவில் உள்ளது இலக்கியமாகத் தோன்றியது. அருகில் உள்ளது கல்லூரி மாணவரின் பொழுதுபோக்காகத் தோன்றியது. வகுப்பு, மொழி சார்ந்த ஐயமும் இதில் கலந்திருந்தது. ஆங்கிலம் பேசும் நகரத்து இளைஞரின் இசையில் நமக்கென்ன என்னும் ஐயம் அது. அவ்வையம் நியாயமற்றது என்று கூறேன். ஆனால் ஐயத்தையும் எழுதியிருக்கலாம். கடுமையான எதிர்மதிப்புரைகூட ஓர் ஆவணமாகியிருக்கும்.

'ஆல்பம்' என்னும் கோப்புறை

2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பாடல் பதிவுக் கடையின் இடத்தைக் கைப்பேசிக் கடை பிடித்தது. சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் பள்ளி மாணவனாக நான் கண்ட நடைமுறை தமிழகமெங்கும் பொதுவானதே. 2 ஜி.பி. மெமரி கார்டைக் கொடுத்தால் கடைக்காரர் தம் கணினியிலிருந்து பாடல்களை ஏற்றித் தருவார். அக்கணினியில் நடிகர்களின் பெயரில் கோப்புறைகள் இருக்கும். அம்மன் பாடல், கானா, குத்துப் பாட்டு எனவும் இருக்கும். இறுதியில் 'ஆல்பம்' என்றொரு கோப்புறையும் இருக்கும். திரைப்படம் சாராப் பாடல் எதுவாயினும் அதனுள் கிடக்கும். 'ஆல்பம் பாட்டு' என்னும் வழக்கு இன்றும் நிலவுகிறது. நகரத்து ஆங்கில இதழ்கள் 'இண்டி' என்று வழங்கியதற்குத் தமிழ் மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட சொல் இது. இசையியல் அகராதிகள் இச்சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அக்கோப்புறையில் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பின் பாடல்கள் இருந்தன. கோலாலம்பூர் எங்களுக்கு அடையாற்றைவிட அருகில் இருந்தது என்று இதனை விளக்கலாம். தமிழில் அமைந்தமையும், அவற்றுள் ஒன்று 'நிழல்கள்' படப் பாடலான 'மடை திறந்து'வைத் தழுவியமையும் காரணங்கள். எனவே பாடலின் மொழி பகிர்வில் பங்கு வகிப்பது உண்மையே. எனினும் தமிழில் பாடியோருக்கும் அக்கோப்புறை பெயரைத் தரவில்லை. பாடலைப் பதிவேற்றிய வலைத்தளத்தின் பெயரே கலைஞர் பெயருக்குரிய இடத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஒலிநாடாவின் உறையில் விடுபட்ட பெயர், மின்கோப்பில் மற்றொருவர் பெயரால் மூடப்பட்டது.

நகரத்துப் பகிர்வும் நிலையானதாக அமையவில்லை. 2000களில் இந்தியச் சுயாதீனக் குழுக்கள் பல தம் பாடல்களை மைஸ்பேஸ் தளத்தில் வைத்தன. 2003 முதல் 2015 வரை பதிவேற்றப்பட்ட பாடல்கள், கணினி இடமாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக 2019 மார்ச்சில் செய்தி வெளியானது. இழப்பு ஐந்து கோடிப் பாடல்கள் என மதிப்பிடப்பட்டது. சென்னைக் குழுக்களின் முதற்பதிவுகள் தோன்றிய காலமும் இதுவே. பாடல் அழிந்து, அதைப் பற்றிய ஆங்கில மதிப்புரை மட்டும் எஞ்சுவது இதனால் நேர்ந்த நிலை. சிற்றூரில் ஒலி இருக்கிறது, பெயர் இல்லை. நகரத்தில் பெயர் இருக்கிறது, ஒலி இல்லை.

பெயரின் அரசியல்

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து அமைத்த இக்குழுவில் பத்தொன்பது கலைஞர் இருந்தனர். கானா, பறை, ராப், ராக் கிதார் ஆகியவை ஒரே மேடையில் கலந்தன. குழுவின் பெயர் அயோத்திதாச பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தாக்கத்தை நினைவூட்டுவது. ஒரு ராக் மேடைக்குப் பொருள் தேடுவோர் தமிழ் அறிவு வரலாற்றுக்குள் செல்லவேண்டிய கட்டாயத்தை இப்பெயர் உருவாக்கியது. இக்குழுவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது, தமிழில் விவாதிக்கப்பட்டது. முந்தைய ஐம்பதாண்டுகளில் எந்தச் சென்னைக் குழுவுக்கும் இந்த அளவில் இது நேரவில்லை. மின்கிதார் ஒலிக்கும் பாடலைச் சாதி, நிலம், மொழி பற்றிய தமிழ்ச் சொற்களால் மதிப்பிட முடியும் என்பது இதன்பின் தெளிவாயிற்று. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இவ்விவாதத்தை மார்கழிக் கச்சேரிப் பருவத்தின் நடுவே நிறுத்தியது.

திறனாய்வு இதழொன்றின் ஆற்றல் எத்தகையது என்பது 2021இல் வெளிப்பட்டது. 'என்ஜாய் எஞ்சாமி' அவ்வாண்டு மார்ச்சில் வெளியானது. அது ராக் அன்று. எனினும் சுயாதீனத் தமிழ்ப் பாடல்களில் அதைப்போல் பரவியது வேறில்லை. ஆகஸ்ட் மாத ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் தன் அட்டையில் தீ, ஷான் வின்சென்ட் டி பால் ஆகியோரை இடம்பெறச் செய்தது. 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதித் தீயுடன் பாடியவரும், ஷான் பாடிய 'நீயே ஒளி'க்கு வரிகள் தந்தவருமான அறிவு அதில் இல்லை. பா. இரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். விவாதம் நாடெங்கும் எழுந்தது. பின்னர் அவ்விதழ் அறிவைக் கொண்ட மின்னட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவையொட்டி அப்பாடலின் படைப்புரிமை பற்றிய வாதம் மீண்டும் எழுந்தது. அவ்வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்வது இங்கு வேண்டப்படாதது. கோடிக்கணக்கானோர் கேட்டுப் பகிர்ந்த பாடலிலும், 'யாருடையது' என்னும் வினாவை ஓர் ஆங்கில இதழின் அட்டை முன்னின்று எழுப்பியது என்பதே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. கேட்டோரின் எண்ணிக்கை அதற்கு விடை தரவில்லை.

பட்டியலிடும் பணி

மேற்கண்டவற்றிலிருந்து ஆய்வாளர்க்கு உடனடி வேலை ஒன்று எழுகிறது. நிகழ்ச்சித் துண்டறிக்கை, சோதனைப் பதிவுக் குறுந்தகடு, கல்லூரி விழா மலர், ஒலிநாடா உறை ஆகியவை வீடுகளின் பரண்களில் உள்ளன. அவற்றைச் சேகரிப்பது முதற்பணி. தமிழ் இசைத்தட்டுகளைப் பற்றி ஸ்டீபன் ஹியூஸ் போன்றோர் எழுதியுள்ள வரலாறு, பழந்தட்டுகளும் நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களும் எஞ்சியிருந்தமையால் இயன்றது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அத்தகைய சேகரிப்புக்கான முறைகள் முன்பே உள்ளன. மெமரி கார்டுக் கடைகளின் பழைய கணினிகளும் இச்சேகரிப்பில் அடங்கவேண்டும். அவற்றின் கோப்புறைப் பெயர்களே ஒரு வட்டாரத்தின் கேட்கும் முறைக்குச் சான்று. கடைகள் மூடப்படும்போது அவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

பட்டியலிடத் தொடங்கினால் முதற்பதிவிலேயே சிக்கல் எழும். 'ஸ்க்ராட்' குழுவின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பான 'இன் த ஷெட்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஊர் சென்னை, பாடல் மொழி ஆங்கிலம், வகை ராக். இதனைத் தமிழ் இசைப் பட்டியலில் சேர்ப்பதா என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்குவர். நான் சேர்ப்பேன். தெலுங்குக் கீர்த்தனை பாடிய தஞ்சை மண்ணின் கலைஞரைத் தமிழக இசை வரலாற்றிலிருந்து நாம் நீக்கியதில்லை. பதிவின் குறிப்புப் பகுதியைத் தமிழில் எழுதவேண்டும்: யார் வாசித்தார், எங்கே பதிவாயிற்று, எந்த மேடையில் ஒலித்தது, கேட்டவர் என்ன சொன்னார் என்று. 'ஆல்பம்' கோப்புறையில் கிடந்த பெயரற்ற கோப்புகளுக்கும் இதே படிவம் பொருந்தும். அங்கு ஆக்கியோன் கட்டத்தை நிரப்புவதற்கு முன், அதில் பொறித்துள்ள வலைத்தளத்தின் பெயரை நீக்கவேண்டும்.